ஆயிரத்து நூறு அடி, புகை

அறுபத்து நாலு வயதில்
நாமக்கல் கோர்ட்டு வேப்பமரத்தடியில்
இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னார் வக்கீல்.
"ஒண்ணு விடாம எழுதுங்க.
ஒளிச்சா மனு நிக்காதுங்க."

ரிக் வண்டி ஒன்று,
பைனான்ஸ்காரன் ராய்ப்பூரிலேயே மடக்கிக்கொண்டான்.
கம்ப்ரஸர் ஒன்று, அதுவும் அவனிடமே.
முனை மழுங்கிய பிட்டு பதினொன்று.
திருச்செங்கோட்டில் வீடு, பத்திரம் பேங்கில்.

கொடுக்க வேண்டியதை எழுத
இன்னும் மூன்று தாள் வாங்கி வந்தேன்.
டீசல் பங்க், கேசிங் பைப் கடை, சீட்டு நாலு,
மச்சினன் பொங்கியண்ணன்
ஜாமீன் போட்ட எட்டு லட்சம்.
"நீங்க தப்பிச்சாலும் அவரை விடமாட்டாங்க" என்றார்,
பேனா மூடியைத் தேடிக்கொண்டே.

மஞ்சக் காயிதம் என்கிறது ஊர்.
பச்சைத் தாளில்தான் டைப் அடிக்கிறார்கள்.

"பாத்திரம், உடுதுணி, படுக்கை
இதுகளைச் சட்டம் தொடாதுங்க.
அம்மா கழுத்துத் தாலியும்தான்."
துளசிமணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
அங்கே மூன்று வருஷமாக
வெறும் கயிறுதான்.

அடுத்தவன் காட்டில் நின்று
முப்பது வருஷம் அடிக்கணக்குச் சொன்னவன் நான்.
அறுநூறில் ஈரமண்.
எண்ணூறில் கருங்கல்.
ஆயிரத்து நூறில் வெறும் புகை.
புகைக்கும் அடிக்கு இத்தனை என்று கூலி உண்டு.
தண்ணி வராதவன் வரப்பில் உட்கார்ந்து
எண்ணிக் கொடுப்பான்.
நான் எச்சில் தொட்டுத் திரும்ப எண்ணுவேன்.
ஒருத்தன் முகத்தையும் பார்த்ததில்லை.
பேங்க் மேனேஜர்
பேப்பர்வெயிட்டைப் பார்த்துப் பேசியபோது
அந்தப் பழக்கம் எனக்குத் தெரிந்ததாயிருந்தது.

இன்னும் ஒரு இருபது அடி போடலாமுங்க.
அப்படித்தான் சொல்வோம், எவனும் வேண்டாமென்றதில்லை.
இரண்டாவது வண்டியை
அப்படித்தான் வாங்கினேன்,
முதல் வண்டியின் கடனை அடைக்க.

சாந்தப்பன் மகள் கல்யாணத்தில்
மொய் எழுதும் மேசையைக் கடக்கும்போது
நோட்டை மூடி வைத்துக்கொண்டார்கள்.
மரியாதையாகத்தான்.
"சாப்ட்டுட்டுப் போங்க மாமா" என்றான் ஒரு பையன்.
சாப்பிட்டேன்.
இரண்டாம் முறை ரசம் கேட்க வாய் வரவில்லை.

ஒரு பெயரை மட்டும் எழுதவில்லை.
புத்ராம். ஜஷ்பூர்ப் பக்கம்.
ராடு மாட்டுகிறவன்.
சம்பள பாக்கி நாற்பத்தோராயிரம்.
"பட்டியல்ல சேத்தா கோர்ட்டோட போயிரும்,
விட்டா உங்க தலைமேலயே நிக்கும்,
யோசிச்சுக்குங்க."
பெரிய மனசு ஒன்றுமில்லை.
கிளாம்ப்புக்கும் ராடுக்கும் நடுவே
அவனுக்கு இரண்டு விரல் போனது.
போன அன்றைக்கு
துண்டைச் சுற்றிக் கேபினில் உட்கார வைத்துவிட்டு
மிச்ச இருபது அடியை முடித்தேன்.
அதிலும் புகைதான்.

இருப்பதும் இல்லாததும்
ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன் என்ற வரிக்குக் கீழே
கையெழுத்துப் போட்டேன்.
வாழ்நாளில் பொய்க்கையெழுத்து அது ஒன்றுதான்
என்று சொல்ல மாட்டேன்.

இப்போது சங்ககிரி எடைமேடையில் ராத்திரி வேலை.
ஒன்றாம் தேதி போனில் இரண்டாயிரம் தட்டிவிடுவேன்.
ஒன்பது மாதமாகிவிட்டது.
இருபத்து மூணு மிச்சம்.
புத்ராம் ஒன்றும் எழுதுவதில்லை.
டிக் இரண்டும் நீலமாகும்,
சில நாள் விடிந்த பிறகு.

நேற்று மூன்று மணிக்குப்
பொங்கியண்ணன் லாரி மேடை ஏறியது.
அவனே ஓட்டி வந்தான்.
டிரைவரை நிறுத்திவிட்டானாம்.
கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்திருந்தான்.
மொத்த எடை, வண்டி எடை, சரக்கு எடை
மூன்றையும் சத்தமாகப் படித்து
ரசீதை நீட்டினேன்.
கண்ணாடி ஒரு சாண் இறங்கியது.

"ம்" என்றான்.

கோர்ட்டுக்குப் போனதிலிருந்து
அவன் என்னிடம் பேசிய
முதல் பேச்சு அது.